ஒற்றைத் தூண்பேரி

துலா
ஏப்ரல் 13, 2015

மதிப்பிற்குரிய வெனியமீன் லூகிச் அவர்களுக்கு,

நான் நலம். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது?

ஐந்து வருடமாக "அன்புள்ள சம்பந்தி" என்று எழுதிப் பழகிய கை இன்றைக்கும் அப்படியே எழுதிவிட்டது. அடித்தேன். அடித்த காகிதத்தை அனுப்புவது மரியாதை இல்லை என்று வேறு காகிதம் எடுத்தேன். ஜனவரியில் உங்கள் ரொதியோனுக்கும் என் லீதாவுக்கும் விவாகரத்து ஆன பிறகு நீங்கள் எனக்கு என்ன உறவு என்று யாராவது சொன்னால் தேவலை. போனில் கேட்கலாமென்றால், டிராம் ஓட்டியே செவிடான உங்கள் காதுக்கு நான் கத்த, அடுக்குமாடியில் இருக்கிற அத்தனை பேரும் என் வீட்டுக் கதையைக் கேட்பார்கள். அதனால் எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். கல்யாணத்துக்கு வரும்போது செல்யாபின்ஸ்கிலிருந்து ரயிலில் மடியில் வைத்தே இரண்டு பேரிக்கன்றுகள் கொண்டுவந்தீர்களே, கிளை பரப்பாமல் தூண் மாதிரி நேராக வளரும் குள்ள ரகம். மாப்பிள்ளை ஒன்று, பெண் ஒன்று என்று, கோடையில் நான் போய்த் தங்கும் தோட்டவீட்டு வேலியோரம் நட்டார்களே. அதில் ஒன்று இப்போது இல்லை.

நேற்று ஈஸ்டர். லீதா மதியம் வந்தாள். பண்டிகை ரொட்டி வெட்டி வைத்தேன், சாயம் போட்ட முட்டை வைத்தேன், ஒன்றையும் தொடவில்லை. கொட்டகையிலிருந்து மண்வெட்டியை எடுத்துக்கொண்டு நேரே வேலிக்குப் போனாள். "ரெண்டையும் பிடுங்கப் போறேன்மா" என்றாள். நான் போய் நடுவில் நின்றேன். "அவன் நட்டதை வேணா எடு. உன்னோடது உன்னோடது, அதைத் தொடாதே" என்றேன். பண்டிகை நாளில் மண்ணை வெட்டுகிறாளே என்று பக்கத்துத் தோட்டத்து ஃபயீனா சிலுவை போட்டுக்கொண்டாள். "கிளாவா, உன் பொண்ணுக்குப் பாவம் வந்து சேரும்" என்றாள். "சேர்ந்தா எனக்குச் சேரட்டும், நீ உன் உருளைக்கிழங்கைப் பாரு" என்றேன்.

அவன் நட்ட மரம் மட்டும் வேர் பிளந்து வந்தது. திரும்ப நட்டாலும் பிழைக்காது. பிடுங்கின பிறகு அவளுக்குத் தெம்பே இல்லை, ஈர மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். முப்பத்திரண்டு வயதுப் பெண் அப்படி அழுது நான் பார்த்ததில்லை.

நீங்கள் கொடுத்த மரம், சொல்லவேண்டியது என் கடமை. பதில் போடுவதும் போடாததும் உங்கள் இஷ்டம். போடவில்லையென்றால் காரணம் புரியும், ஆனாலும் கோபம் வரும்.

இப்படிக்கு,
கிளாவ்தியா ப்ரோஹரொவ்னா


செல்யாபின்ஸ்க்
ஏப்ரல் 22, 2015

அன்புள்ள சம்பந்தியம்மா,

நான் அடிக்கவில்லை, பாருங்கள். அப்படியேதான் எழுதுவேன். பிடிக்கவில்லையென்றால் நீங்களே அந்த வரியை அடித்துவிட்டு மேலே படியுங்கள்.

மரத்துக்காக வருத்தப்படாதீர்கள். லீதா செய்தது சரி. அவள் இடத்தில் நானாக இருந்தால் மண்வெட்டியோடு நிறுத்தியிருக்க மாட்டேன். என் மகன் எரிவாயு வயலில் வேலை என்று வடக்கே போனான், அங்கேயே இன்னொருத்தியோடு தங்கிவிட்டான். அவனுக்கு வக்காலத்து வாங்க எனக்கு வாய் இல்லை. வந்தால் சாப்பாடு போடுவேன், அவ்வளவுதான். மார்ச்சில் வந்தான். "அப்பா, இன்னும் அவங்களுக்கு லெட்டர் போடுறியா? நல்லாவா இருக்கு?" என்று கேட்டான். நான் காது கேட்காத மாதிரி இருந்துவிட்டேன். செவிட்டுக் காதில் இந்த ஒரு சுகம் உண்டு.

இப்போது வேலையைக் கேளுங்கள். பேரி தனியாக நின்றால் காய்க்காது. பூக்கும், வாசலை நிறைக்கும், ஒரு பிஞ்சு பிடிக்காது. வேறு ரகத்து மகரந்தம் வேண்டும். நான் கொடுத்த இரண்டும் வேறு வேறு ரகம், இத்தனை வருடம் ஒன்றுக்கொன்று கொடுத்துக்கொண்டிருந்தன. ஃபயீனா வீட்டுப் பின்புறத்தில் புளிப்பாகக் காய்க்கிற கிழட்டுப் பேரி ஒன்று உண்டல்லவா? அது வீட்டுக்கு அந்தப் பக்கம் இருப்பதால் அங்கிருந்து தேனீ நம் மரம் வரை வருவது அரிது. அது பூத்ததும் நாலைந்து கிளை கேட்டு வாங்குங்கள். வாளியில் தண்ணீர் ஊற்றி, கிளைகளை அதில் நிறுத்தி, நம் மரத்தை ஒட்டி வையுங்கள். தண்ணீர் மாற்றுங்கள். மீதியைத் தேனீ பார்த்துக்கொள்ளும். மழை பெய்து தேனீ வராவிட்டால் மெல்லிய தூரிகையால் இந்தப் பூவையும் அந்தப் பூவையும் நீங்களே தொட்டுவிடுங்கள்.

முயல் கடிக்காமலிருக்கக் குளிர்காலத்தில் மரத்துக்குச் சுற்றிய உங்கள் பழைய நைலான் காலுறையைக் கழற்றிவிட்டீர்களா? போன தடவை நான் வந்தபோது மே மாதத்திலும் மரம் காலுறையோடு நின்றது. பார்க்க எனக்குத்தான் கூச்சமாக இருந்தது.

லீதா சாப்பிடுகிறாளா? அழுகிற சமயத்தில் அவள் டீயை மட்டும் குடித்துவிட்டுப் படுத்துவிடுவாள், கவனியுங்கள்.

அன்புடன்,
உங்கள் வெனியமீன்


துலா
ஜூன் 7, 2015

அன்புள்ள சம்பந்தி,

நீங்கள் எழுதலாமென்றால் நானும் எழுதலாம்.

வாளி வைத்தேன். ஃபயீனாவிடம் கிளை வாங்கப் போனால் லேசில் தருவாளா? "என் மரத்துப் பூவை உன் மரத்துக்கா? அப்போ காயில எனக்குப் பங்கு" என்றாள். ஒரு பாட்டில் ஊறுகாய் வெள்ளரி கொடுத்து வாயை அடைத்தேன். இரண்டு நாள் மழை. தேனீ ஒன்றும் வரவில்லை. தூரிகைக்கு எங்கே போவேன்? லீதா கன்னத்துக்குச் சாயம் பூசும் தூரிகை ஒன்று இங்கே அலமாரியில் கிடந்தது. அதை எடுத்து, நாற்காலி போட்டு ஏறி, பூப்பூவாகத் தொட்டேன். மரத்துக்கு அலங்காரம் செய்கிறாயா என்று போகிறவன் வருகிறவனெல்லாம் கேட்டான். ஆனால் பிடித்திருக்கிறது, சம்பந்தி. சுண்டுவிரல் நுனியளவு பிஞ்சுகள், தண்டோடு ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. தினமும் காலையில் போய்ப் பார்க்கிறேன்.

இனி எழுதப்போவது நல்ல சேதி இல்லை.

மே ஒன்பது, போர் வெற்றிநாள் விடுமுறைக்கு லீதா வந்தாள். வாளியைப் பார்த்தாள், மகரந்தம் ஒட்டிய தூரிகையைப் பார்த்தாள்.

"இது யார் சொன்ன யோசனை?"

"ஃபயீனா."

"ஃபயீனாக்கு உருளைக்கிழங்கைத் தவிர ஒண்ணும் தெரியாது. செல்யாபின்ஸ்க்தானே?"

அவள் உள்ளே போய், கழுவி வைத்திருந்த தட்டுகளை எல்லாம் மறுபடி கழுவினாள். கழுவி முடித்துவிட்டுச் சொன்னாள்: "அவங்க வீட்டோட நமக்கு இன்னும் என்னம்மா? நான் முடிச்சுட்டேன். நீயும் முடி. இல்லைன்னா நான் இந்தத் தோட்டத்துப் பக்கமே வரமாட்டேன்."

சொன்னால் செய்வாள். என் பிடிவாதம் அப்படியே வந்திருக்கிறது. அவளுக்கு ஆறு வயதில் அவள் அப்பா போனதிலிருந்து எனக்கு இருப்பது அவள் ஒருத்தி. உங்களோடு எழுதிக்கொள்வதை விடவும் மனசு வரவில்லை. மழலையர் பள்ளியில் முப்பது வருடம் கஞ்சி கிண்டிய எனக்கு, படித்துச் சிரிக்கிற மாதிரி கடிதம் எழுதியவர் நீங்கள் ஒருவர்தான். இதை இப்போதாவது சொல்லிவிடுகிறேன்.

ஒரு வழி யோசித்தேன். இனி உங்கள் கடிதங்களை ஃபயீனாவின் விலாசத்துக்குப் போடுங்கள். அவளிடம் பேசிவிட்டேன். அறுபத்து மூன்று வயதில் களவுக் கடிதம் வாங்குகிறாயே என்று கண்ணில் நீர் வரச் சிரித்தாள். சிரிக்கட்டும்.

இப்படிக்கு,
கிளாவ்தியா


செல்யாபின்ஸ்க்
ஜூலை 20, 2015

அன்புள்ள சம்பந்தியம்மா,

இந்தக் கடிதம் மட்டும் ஃபயீனா விலாசத்துக்கு வருகிறது. இதோடு சரி.

கோபப்படாமல் கேளுங்கள். நான் ஒரு தப்பும் செய்யவில்லை, நீங்களும் செய்யவில்லை. பேரிப் பூவைப் பற்றியும் முழங்கால் வலியைப் பற்றியும் எழுதிக்கொள்கிறோம். இதை எதற்கு ஒளித்து வைப்பது? என் மகன் ஒளித்து ஒளித்துச் செய்த காரியத்தால்தான் லீதா இன்றைக்கு இப்படி இருக்கிறாள். அவள் முதுகுக்குப் பின்னால் இன்னொரு ஒளிவுமறைவு, அதுவும் பெற்ற தாயும் நானும் சேர்ந்து, அதை என்னால் செய்யமுடியாது. கடிதம் வந்தால் உங்கள் பெயருக்கு, உங்கள் வீட்டுக்கு வரட்டும். அது கூடாதென்றால் வராமல் இருக்கட்டும். முடிவு உங்களுடையது.

இன்னொன்று. வேறு யார் வாயிலாவது தெரிவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். ஆகஸ்டில் ரொதியோன் அந்தப் பெண்ணைப் பதிவுத் திருமணம் செய்துகொள்கிறான். அவள் அம்மா ஸினயீதா என்று ஒருத்தி, போன வாரம் என்னைப் பார்க்க வந்தாள். இறைச்சிக் கொழுக்கட்டை ஒரு பெரிய பாத்திரம் நிறையக் கொண்டுவந்தாள். மூன்று மணி நேரம் பேசினாள். நல்ல மனுஷிதான். பாதிக்கு மேல் எனக்குக் காதில் விழவில்லை, தலையை மட்டும் ஆட்டினேன். எதற்கெல்லாம் ஆட்டினேனோ தெரியவில்லை.

பிஞ்சுகள் நெருக்கமாக இருந்தால் இப்போதே கிள்ளி, ஒரு கொத்துக்கு ஒன்று விடுங்கள். பாவம் பார்த்தால் எல்லாமே சின்னதாகிவிடும்.

லீதா எப்படி இருக்கிறாள்? வேலைக்கு ஒழுங்காகப் போகிறாளா?

அன்புடன்,
வெனியமீன்


துலா
செப்டம்பர் 13, 2015

வெனியமீன் லூகிச் அவர்களுக்கு,

உங்கள் புது சம்பந்தியம்மாவுக்கு என் வாழ்த்துகளைச் சொல்லவும். கொழுக்கட்டை நன்றாகச் செய்வார்கள் போலிருக்கிறது. எனக்கு அது ஒருநாளும் ஓரம் சரியாக ஒட்டாது, வெந்நீரில் வாயைப் பிளந்துவிடும். அவர்களுக்கும் இரண்டு பேரிக்கன்று மடியில் வைத்துக் கொண்டுபோயிருப்பீர்கள். நன்றாக வளரட்டும்.

இப்படி எழுதியது எனக்கே அசிங்கமாக இருக்கிறது. ஆனால் கிழிக்கமாட்டேன். நினைத்ததைத்தான் எழுதியிருக்கிறேன். அந்தப் பாத்திரத்தை நினைத்து நினைத்து ஒரு வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை, போதுமா?

நீங்கள் ஒளிவுமறைவைப் பற்றிச் சொன்னது நியாயம். நியாயமாக இருப்பதால்தான் எரிச்சல் வருகிறது.

பேரி பழுத்துவிட்டது. கிள்ளச் சொன்னீர்கள், பாவம் பார்த்துப் பாதியை விட்டேன், ஆகஸ்ட் காற்றில் அதில் பாதி விழுந்தது. நின்றவை நல்ல அளவு. சாறு முழங்கை வரை வழிகிறது. உங்களுக்கு ஒன்று அனுப்பலாமென்று பார்த்தேன், வழியிலேயே கூழாகிவிடும். லீதாவுக்கு ஒன்று வெட்டிக் கொடுத்தேன். எந்த மரம் என்று அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. முழுவதும் தின்றாள்.

நன்றாக யோசித்துவிட்டேன். என் மகள் வாரக்கடைசியில் வந்து என் எதிரில் உட்கார்ந்து சாப்பிடுவதை என்னால் இழக்கமுடியாது. உங்களுக்கு மகன் இருக்கிறான், புதுச் சொந்தம் வந்திருக்கிறது. எனக்கு இவள்தான். அதனால் இனி எழுதவேண்டாம். நானும் எழுதமாட்டேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், முழங்காலுக்குக் கம்பளித் துணி கட்டிக்கொள்ளுங்கள்.

கிளாவ்தியா ப்ரோஹரொவ்னா


செல்யாபின்ஸ்க்
மார்ச் 1, 2016

அன்புள்ள சம்பந்தியம்மா,

எழுதவேண்டாம் என்றீர்கள், எழுதவில்லை. ஆனால் மார்ச் எட்டு மகளிர் நாள் வருகிறது. அதற்குக்கூட வாழ்த்து அனுப்பாத ஆண்பிள்ளையை இந்த நாட்டில் யாரும் மதிக்கமாட்டார்கள். ஆகவே இதைக் கடிதமாக எண்ணவேண்டாம், வாழ்த்து என்று வைத்துக்கொள்ளுங்கள். மகளிர் நாள் வாழ்த்துகள். லீதாவுக்கும்.

கூட ஒரு சின்னப் பொட்டலம் இருக்கிறது. ஈரத்துணியில் சுற்றிய குச்சிகளைப் பார்த்துக் குப்பை என்று எறிந்துவிடாதீர்கள். என் வீட்டு மஞ்சள் பேரியிலிருந்து வெட்டிய ஒட்டுக்குச்சிகள். குளிர்ப்பெட்டியில் கீழ்த்தட்டில் வையுங்கள், ஆப்பிள் பக்கத்தில் வைக்காதீர்கள், அது விடும் வாயு மொட்டைக் கெடுத்துவிடும். ஏப்ரல் கடைசியில் மரம் முழித்ததும், தண்டில் பட்டையைக் கீறி, குச்சியின் அடியைச் சரிவாகச் சீவிச் செருகி, ரப்பர் பட்டையால் இறுக்கிக் கட்டி, வெட்டுவாயில் மெழுகு பூசுங்கள். பிடித்துக்கொண்டால் இரண்டு மூன்று வருடத்தில் அந்த ஒரே மரத்தில் இரண்டு ரகம் பூக்கும். அதற்கப்புறம் நீங்கள் ஃபயீனாவிடம் போய் நிற்கவேண்டாம், வெள்ளரியும் மிச்சம்.

ஸினயீதாவுக்கு நான் கன்று கொடுக்கவில்லை. ஒரு போர்வை கொடுத்தேன். கடையில் வாங்கியது.

பதில் வேண்டாம்.

வெனியமீன்


துலா
ஏப்ரல் 3, 2016

அன்புள்ள சம்பந்தி,

பதில் வேண்டாம் என்று எழுதினால் நான் விட்டுவிடுவேனா?

பொட்டலம் வந்ததாகத் தபால் சீட்டு வந்தபோது நான் காய்ச்சலில் கிடந்தேன். லீதா போய் வாங்கிவந்தாள். அனுப்பியவர் பெயர் மேலேயே பெரிய எழுத்தில் இருக்கிறது. கொண்டுவந்து என் போர்வை மேல் வைத்துவிட்டு, கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்றாள். சரி, போகப்போகிறாள், இனி வரமாட்டாள் என்று நினைத்தேன். காய்ச்சல் கொடுத்த தைரியமோ என்னவோ, படுத்தபடியே சொல்லிவிட்டேன்: "நீ உன் புருஷனை விட்டுட்டே, நான் ஒரு வார்த்தை கேக்கல. நான் என் சம்பந்தியை விடல. விடச் சொல்லாதே. உனக்காக ஆறு மாசம் விட்டுப் பார்த்தேன், என்னால முடியல."

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். "உனக்காச்சும் அந்த வீட்டுல ஒருத்தர் மிச்சம் இருக்கார். எனக்கு யாரு இருக்கா?" என்றாள்.

சம்பந்தி, எனக்கு அப்போதுதான் புரிந்தது. நான் எவ்வளவு மக்கு என்று பாருங்கள். கல்யாணத்தன்று எல்லார் முன்னாலும் உங்களை "அப்பா" என்று கூப்பிட்டாளே, நீங்கள்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டீர்களே. மாமனாரை அப்பா என்று கூப்பிடுகிற நம் ஊர் மரியாதைக்காக அவள் அப்படிக் கூப்பிடவில்லை. இருபத்தோரு வருடம் கழித்து அந்த வார்த்தையைச் சொல்ல அவளுக்கு ஒரு ஆள் கிடைத்தது. புருஷன் போனபோது அதுவும் கூடவே போயிற்று.

"எல்லா லெட்டர்லயும் உன்னைப் பத்தி விசாரிச்சார்டி" என்றேன்.

"உன்கிட்ட விசாரிச்சா எனக்கு எப்படிம்மா தெரியும்? அவருக்கு என் விலாசம் தெரியாதா? பேரிமரம் காய்க்கலைன்னா பக்கம் பக்கமா எழுதுவார். எனக்கு ஒரு வரி எழுதினாரா? அவர் மகன் போனதும் நானும் போயிட்டேன், அவ்வளவுதானே?"

நீங்கள் எழுத ஆரம்பித்திருப்பீர்கள், எந்த முகத்தோடு எழுதுவது என்று நிறுத்தியிருப்பீர்கள். எனக்கு உங்களைத் தெரியும். அவளிடம் அதை நான் சொன்னால் எடுபடாது.

அப்புறம் பொட்டலத்தைப் பிரித்து, உள்ளே இருந்த உங்கள் வாழ்த்தைப் படித்துவிட்டு, எழுந்து போய்க் குச்சிகளைக் குளிர்ப்பெட்டியில் வைத்தாள். ஆப்பிளை எடுத்து வெளியே வைத்தாள். நான் சொல்லவில்லை, அவளாகத்தான்.

அதனால் இப்போது கேளுங்கள். இந்தக் கடிதத்துக்கு எனக்குப் பதில் போடவேண்டாம். நிஜமாகவே வேண்டாம். அவளுக்கு எழுதுங்கள். அவள் பெயருக்கு, அவள் வீட்டுக்கு. நான் காத்திருக்கிறேன், என் முறை பிறகு வரட்டும்.

உங்கள் சம்பந்தியம்மா,
கிளாவ்தியா


செல்யாபின்ஸ்க்
ஏப்ரல் 12, 2016

அன்பு மகள் லீதாவுக்கு,

உன் அம்மா சொல்லித்தான் எழுதுகிறேன். அதை மறைக்கமாட்டேன். ஆனால் போன வருடம் பிப்ரவரியிலேயே உனக்கு எழுத உட்கார்ந்தேன். "மகளே" என்று எழுதிவிட்டு மேலே போகமுடியவில்லை. உனக்கு இத்தனை வலி கொடுத்தவனுடைய தகப்பன் நான். என் கையெழுத்தைப் பார்த்தாலே உனக்கு அவன் ஞாபகம் வருமே, இந்தப் பெண்ணை இனியாவது நிம்மதியாக இருக்க விடுவோம் என்று நினைத்தேன். விலகி நிற்பதுதான் உனக்கு நான் செய்யக்கூடிய ஒரே நல்லது என்று பட்டது. உன்னை நானும் விட்டுவிட்டேன் என்று நீ எடுத்துக்கொள்வாய் என்பது இந்தக் கிழவனுக்குத் தோன்றவே இல்லை. மன்னித்துக்கொள் கண்ணு.

நீ என் மகனுக்கு மனைவி இல்லை என்று நீதிமன்றத்தில் சொன்னார்கள். சரி. என்னை அப்பா இல்லை என்று நீ சொல்லாதவரை நான் அப்பாதான். சொன்னாலும் கொஞ்ச நாள் காது கேட்காத மாதிரி இருப்பேன்.

அந்த ஒட்டு வேலை உன் அம்மாவுக்கு வராது. கத்தியைப் பிடித்தால் பாதி மரத்தைச் சீவிவிடுவார். நானே வந்து கட்டலாமென்று இருக்கிறேன். ஏப்ரல் இருபத்தெட்டு, மாஸ்கோவிலிருந்து வரும் காலை ரயில். டிக்கெட் இன்னும் வாங்கவில்லை. நீ எழுதினால்தான் வாங்குவேன். வரவேண்டாம் என்றால் அதையும் எழுது, வருத்தம் இல்லை, பொய் சொல்கிறேன், வருத்தம்தான், ஆனாலும் வரமாட்டேன். எதுவானாலும் நீயே எழுது. அம்மாவிடம் சொல்லி அனுப்பாதே.

அப்பா